பாயில் இருந்த சிவப்பு ஒட்டு: தூத்துக்குடி வள்ளப் பந்தயத்துக்குப் போய் வந்த வழி

பாய் கட்டி ஓடும் வள்ளப் பந்தயத்துக்குக் குடும்பத்தோடு போகலாமா, எங்கே நின்றால் தெரியும், தண்ணீர் கிடைக்குமா என்று இரண்டு மூன்று பேர் கேட்டிருந்தீர்கள். நான் போனது ஒரே ஒரு பந்தயத்துக்கு. பார்த்தேன் என்று சொல்ல மாட்டேன்; போனேன், வந்தேன், அவ்வளவுதான். உலகச் சண்டை முடிந்த மறு வருஷம், ஆடி மாதம், மாதா கோயிலில் கொடி இறங்கிய அடுத்த வாரம். அப்போது நான் பன்னிரண்டு வயதுச் சிறுமி. இப்போது ரோடு வேறு, பஸ் வேறு. ஆனால் கூட்டத்தை நடத்துகிறவர்களின் புத்தி மாறியிருக்கும் என்று எனக்கு நம்பிக்கை இல்லை. அதனால் நடந்ததை நடந்த வரிசையிலேயே எழுதுகிறேன். உங்களுக்கு வேண்டியதை எடுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் ஊர் புன்னைக்காயல். நாங்கள் வேடிக்கை பார்க்கக் கிளம்பவில்லை. அப்பா இறந்த பிறகு கடன்காரன் வாசலில் வந்து உட்கார்ந்ததால் அம்மா எங்கள் வள்ளத்தை விற்றுவிட்டாள். அண்ணன் சூசையைக் கேட்காமல் விற்றாள். அவனுக்குப் பத்தொன்பது வயது, அப்பாவுடைய வள்ளம் தனக்கு என்று இருந்தவன். வீட்டுக்குள் பெரிய சத்தம் ஆகிவிட்டது. "இனி உன் முகத்துல முழிக்க மாட்டேன், போலே" என்று அம்மா ஒரு வார்த்தை சொல்லிவிட்டாள். வள்ளத்தோடு விற்காமல் வீட்டில் கிடந்த பழைய பாயைத் தோளில் தூக்கிக்கொண்டு அவன் தூத்துக்குடிக்குப் போனான். அங்கே நாலைந்து வள்ளம் வைத்திருந்த ஒரு சம்மாட்டியிடம் வேலைக்குச் சேர்ந்தான்.

அந்தப் பாயைப் பற்றிச் சொல்லவேண்டும். எங்கள் பக்கத்தில் வள்ளத்துக்கு நம்பர் கிடையாது. பாய் கிழியக் கிழிய வீட்டுப் பெண்கள் கையில் கிடைத்த துணியை வைத்து ஒட்டுப் போடுவார்கள். இன்ன இடத்தில் நீல ஒட்டு என்றால் இன்னார் வள்ளம், மூலையில் கறுப்பு என்றால் இன்னார். கடலில் ஒரு விரல் உயரம் பாய் தெரிந்தாலே போதும், எந்த வீட்டில் உலை வைக்கலாம் என்று கரையில் நிற்கிற பெண்கள் சொல்லிவிடுவார்கள். எங்கள் பாயின் நடுவில் அம்மாவின் கல்யாணச் சேலையில் வெட்டிய சிவப்புத் துண்டு இருந்தது. முறம் அளவு இருக்கும்.

பிரகாசி அத்தையின் வீட்டுக்காரர் கொழும்புக்குச் சரக்கு ஏற்றிப் போகும் தோணியில் வேலை பார்த்தார். அவர் வந்து அண்ணன் சொன்னதைச் சொன்னார். "சம்மாட்டி வள்ளத்த நான்தான் பந்தயத்துல ஓட்டுதேன். எங்க பாயத்தான் கட்டப் போறேன். அம்மா வந்து பாக்கட்டும். நான் எங்கன கரையேறுதனோ அங்கன வந்து நின்னாப் போதும், ஒண்ணும் பேச வேண்டாம், நான் வீட்டுக்கு வந்திருதேன். வரல்லன்னா அன்னைக்கே கொழும்புத் தோணியில ஏறிருவேன்."

அம்மா எழுந்து போய் அவித்த கிழங்கை ஓலைப் பெட்டியில் கட்ட ஆரம்பித்தாள். பந்தயத்துக்கு இன்னும் ஒரு நாள் இருந்தது.

விடியும் முன்னே அம்மா, பிரகாசி அத்தை, நான் மூன்று பேரும் ஆத்தூருக்கு நடந்தோம். நாலு மைல் இருக்கும். இன்றைக்கு சாகுபுரம் தொழிற்சாலைப் பக்கமிருந்து பஸ்ஸும் லாரியும் ஓயாமல் வருகிற ரோடு அது; அப்போது சாகுபுரம் என்ற பேரே கிடையாது. ஆத்தூரில் ஆறு மணிக்கு பஸ் என்றார்கள். வந்தபோது ஏழரை. பெட்ரோல் கிடைக்காத காலம், பஸ்ஸின் முதுகில் அடுப்பு மாதிரி ஒன்றைக் கட்டி, கரி போட்டு, அந்தப் புகையில் ஓட்டினார்கள். தூத்துக்குடி பதினாறு மைல், ஆளுக்கு ஆறணா. எனக்கு அரை டிக்கெட் தர முடியாது என்று கண்டக்டர் சொல்லிவிட்டான். பந்தய நாள் என்றால் பிள்ளைக்கும் முழு டிக்கெட்டாம். யார் போட்ட சட்டமோ.

பஸ்ஸின் மேலே ஆத்தூர் வெற்றிலைக் கட்டு, உள்ளேயும் வெற்றிலைக் கட்டு. எல்லாம் தண்ணீரில் நனைத்து வைத்தது. அது சொட்டுச் சொட்டாகப் பிரகாசி அத்தையின் தலையில் விழுந்தது.

"அண்ணாச்சி, இந்தக் கட்டக் கொஞ்சம் நகத்தும். ஞானஸ்நானம் எனக்கு அப்பவே குடுத்தாச்சி."

"வெத்தல வாடிரும்மா. ஆளு வாடாது. பைய உக்காரு."

முக்காணி தாண்டியதும் வண்டி நின்றுவிட்டது. கண்டக்டர் எல்லாரையும் இறங்கித் தள்ளச் சொன்னான். அத்தை இறங்காமல் உட்கார்ந்தபடியே கேட்டாள்: "நாங்க எதுக்குத் தள்ளணும்? வெத்தலைய எறங்கித் தள்ளச் சொல்லும்." பஸ்ஸே சிரித்தது. அம்மா மட்டும் சிரிக்காமல் முதல் ஆளாக இறங்கிப் பின்னால் போய்க் கைவைத்தாள். கரியடுப்புப் பக்கம் சூடு, உள்ளங்கை சிவந்துவிட்டது. அந்த ஒரு பயணத்தில்தான் என் அம்மா பஸ்ஸில் ஏறியது.

பத்து மணிக்குப் பந்தயம். நாங்கள் தூத்துக்குடியில் இறங்கும்போதே பத்து ஆகியிருந்தது. கடற்கரை ரோட்டில் வண்டி விடவில்லை, ஒரு மைல் தூரத்திலேயே நிறுத்திவிட்டார்கள். கச்சான் என்கிற மேல்காற்று மணலை வாரி முகத்தில் அடித்தது. ரோடு முழுக்க ஜனம். மணப்பாட்டிலிருந்து, வேம்பாரிலிருந்து, பனங்காட்டு ஊர்களிலிருந்து வண்டி கட்டி வந்திருந்தார்கள். இத்தனை ஜனத்துக்கும் கடற்கரைக்குள் போக ஒரே வழி. அந்த வழியில் ஒரு மூங்கில் தட்டி. தட்டிக்குப் பக்கத்தில் சட்டையில் பட்டுத்துணிப் பூக் குத்திய ஒரு மனிதன். பந்தயம் நடத்திய கமிட்டியின் ஆள். மேல் உதடு பிளந்து தைத்த தழும்பு அவனுக்கு. எழுபது வருஷத்துக்கு மேல் ஆகிறது. இன்றைக்குக் கூட்டத்தில் விட்டாலும் கண்டுபிடிப்பேன்.

பெண்களுக்குத் தனிக் கொட்டகை என்றான். ஆளுக்கு இரண்டணா வாங்கிக்கொண்டு உள்ளே விட்டான். போய்ப் பார்த்தால், உப்பு மூட்டை அடுக்குகிற இரண்டு கிட்டங்கிகளுக்கு நடுவில் கொட்டகை. முன்னால் ஆள் உயரத்துக்கு ஓலைத் தட்டி, பெரிய மனுஷர் வீட்டுப் பெண்கள் வெயில் படாமல் இருக்க வேண்டுமாம். கடலைப் பார்க்க வந்தவர்களுக்குக் கடலை மறைத்துக் கொட்டகை போட்ட ஊரை நான் அங்கேதான் பார்த்தேன். நாங்கள் ஓலையில் விரலை விட்டுப் பிரித்து ஓட்டை போட்டுப் பார்த்தோம். ஒரு ஓட்டைக்கு மூன்று பெண்கள். தண்ணீர்? ஒரு செம்பு காலணா. பாதி உப்பு. ஒதுங்குவதற்கு இடம் கேட்டால் வேலிக்கு வெளியே போகச் சொன்னார்கள். வெளியே போனால் திரும்பி வர மறுபடி இரண்டணா. அதனால் பந்தயம் முடியும் வரை பெண்கள் பலபேர் தண்ணீரே குடிக்கவில்லை.

பந்தயம், கடலுக்குள் நீண்டு தோணிகள் கட்டுகிற பழைய துறைமுகப் பாலத்துக்குத் தெற்கே புறப்பட்டு, முயல் தீவைச் சுற்றி, வடக்கே திரேஸ்புரம் கரையில் ஏறவேண்டும். முடிகிற நேரத்தில் அங்கே போய் நிற்கலாம் என்று இருந்தோம். தீவுக்கு அந்தப் பக்கம் போனால் யாருக்கும் ஒன்றும் தெரியாது. வருகிறவர்கள் இதைத் தெரிந்துகொள்ளுங்கள்: பாய் வள்ளப் பந்தயத்தில் முக்கால்வாசி நேரம் நீங்கள் வெறும் தண்ணீரைத்தான் பார்ப்பீர்கள்.

பந்தயம் பதினொன்றரைக்குத்தான் தொடங்கியது. துரை ஒருத்தர் வரவேண்டியிருந்ததாம். வெடிச்சத்தம் கேட்டு ஓட்டையில் கண்ணை வைத்த பிரகாசி அத்தை, "மயினி, இது என்ன கூத்து! எல்லாப் பாயும் வெள்ள வெளேர்னுல்லா இருக்கு. நம்பர் எழுதியிருக்கான்" என்றாள்.

பக்கத்தில் நின்ற தூத்துக்குடிப் பெண் சொன்னாள். யாரோ துணி முதலாளி எல்லா வள்ளத்துக்கும் புதுப் பாய் இனாமாகக் கொடுத்தாராம். பழைய பாயோடு வந்தால் துரைமார் முன்னால் பிச்சைக்காரத்தனமாக இருக்கும் என்று காலையில்தான் கமிட்டியார் மாற்றச் சொன்னார்களாம். என் அண்ணன் வள்ளத்துக்கு எந்த நம்பர் என்று கேட்க நான் தட்டிக்காரனிடம் ஓடினேன். எனக்கு நம்பர் வாசிக்கத் தெரியும், மூன்றாம் வகுப்பு வரை படித்திருந்தேன்.

"யாரு வள்ளம்?"

"சூசை ஓட்டுதான்."

"ஓட்டுதவன் பேரு எவனுக்குத் தெரியும்? மொதலாளி பேரச் சொல்லு."

எனக்குச் சம்மாட்டியின் பேர் தெரியவில்லை. திரும்பி வந்து அம்மாவிடம் கேட்டேன். அம்மாவுக்கும் தெரியவில்லை. ஆனால் அவள் கவலைப்படவில்லை. "ஊருல உள்ளவன் எல்லாம் மாத்தட்டும்ளா. என் சேலைத் துண்ட அவன் கழத்த மாட்டான்" என்றாள்.

சொன்ன சூட்டிலேயே அது தெரிந்தது. முப்பதுக்கு மேல் வெள்ளைப் பாய்கள் முன்னால் போய்விட்டன. அவற்றுக்கு எவ்வளவோ பின்னால், கரையிலிருந்து தனியாக ஒரு வள்ளம் புறப்பட்டது. அழுக்கு நிறப் பாய். நடுவில் சிவப்பு.

"அந்தா! அந்தா எம்பிள்ள!" அம்மா ஓலைத் தட்டியைப் பிடித்து உலுக்கினாள். இடுப்பில் செருகியிருந்த கைத்துண்டை, லேஞ்சியை, உருவித் தட்டிக்கு மேலே கையை நீட்டி ஆட்டினாள். "பிந்திட்டான். ஒத்தையில பழைய பாயோட நின்னவன எவனாவது தடுத்திருப்பான். பாவிகளா!"

சுற்றி நின்ற பெண்களெல்லாம் எங்களுக்கு ஓட்டையை விட்டுக்கொடுத்தார்கள். வெள்ளைப் பாய்கள் தீவுக்குப் பின்னால் மறைந்துவிட்டன. சிவப்பு ஒட்டு மட்டும் நடுக்கடலில் திணறிக்கொண்டிருந்தது. ஒரு மணி நேரம் போயிருக்கும். திடீரென்று அந்த வள்ளம் திரும்பியது. தீவைச் சுற்றவே இல்லை. புறப்பட்ட தெற்குக் கரையைப் பார்த்து நேராக வந்தது.

அத்தை, "என்ன மயினி, பாதியில திரும்புதான்?" என்றாள்.

அம்மாவின் முகம் எப்படி இருந்தது என்று எனக்கு எழுதத் தெரியவில்லை. "என் லேஞ்சியப் பாத்துட்டான்" என்றாள். "பந்தயத்த விட்டுட்டு என்கிட்ட வாரான்ளா."

தெற்குக் கரைக்குப் போகக் கொட்டகையை விட்டு வெளியே வந்து, கிட்டங்கியைச் சுற்றி, ரோட்டில் நடந்து, மறுபடி இறங்கவேண்டும். வள்ளங்கள் புறப்பட்டுப் போன பிறகு அங்கே மறிக்க ஆள் இல்லை. அம்மா ஓடினாள். அவளை அப்படி நான் முன்னாலும் பார்த்ததில்லை, பின்னாலும் பார்த்ததில்லை. வள்ளம் மணலில் தட்டும்போது அவள் முழங்கால் தண்ணீரில் நின்றாள்.

இறங்கினவன் வேறு ஆள். வேம்பார்க்காரன், மீசை நரைத்தவன். அவன் கூட இருந்த நாலு பேரும் வேறு ஆட்கள்.

"இது எம்பிள்ள பாயி" என்றாள் அம்மா. "எம்பிள்ள எங்க?"

"எனக்கெப்படிம்மா தெரியும்? கமிட்டிக்காரன் குடுத்த புதுப் பாய், தச்ச நூலு இத்துப் போயி, கட்டும்போதே கிழிஞ்சிட்டு. பழைய பாயெல்லாம் இங்கனதான் குவிச்சுக் கெடந்துச்சி. கைக்கு வந்தத எடுத்துக் கட்டுனோம். நம்ம பாய்மரத்துக்கு இது சேரல்ல, வழுக்குது. போதும்னு திரும்பிட்டோம்."

"சூசைன்னு ஒருத்தன்..." என்று அத்தை கேட்டாள்.

"புன்னக்காயல் பையனா? அவன் வெள்ளப் பாயிலல்லா ஓட்டுதான். இந்நேரம் வடக்க ஏறியிருப்பான்."

அம்மா தண்ணீரிலிருந்து வெளியே வரவில்லை. நானும் அத்தையும் ஆளுக்கொரு கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தோம்.

வடக்குக் கரைக்கு நேர் வழியில் போனால் முக்கால் மைல் இருக்காது. ஆனால் அந்த மூங்கில் தட்டியைத் தாண்ட வேண்டும். பந்தயம் முடிந்து ஜனம் வெளியே வந்துகொண்டிருந்தது. ஒரே வழி, அதில் எல்லாரும் வெளியே, நாங்கள் மூன்று பேர் உள்ளே. தழும்புக்காரன் கையை நீட்டி மறித்தான்.

"இப்ப உள்ள போவக் கூடாது. துரை பரிசு குடுக்காரு."

"எம்பிள்ள வள்ளம் ஓட்டுனவன்யா. அவனப் பாக்கணும்."

"ஒவ்வொருத்தியும் இதத்தான் சொல்லுதா. ரெண்டணா எடு, இல்லன்னா சுத்திப் போ."

எங்களிடம் திரும்பிப் போக வைத்திருந்த பஸ் காசுதான் இருந்தது. அத்தை அதை எடுத்து நீட்டினாள். அவன் வாங்கவில்லை, அதற்குள் துரை காருக்கு வழி விடவேண்டும் என்று தட்டியையே இழுத்துச் சாத்திவிட்டான். அந்த மனிதன் பிற்பாடு பலசரக்குக் கடை வைத்தான். அவன் பேரன் காலத்திலும் அந்தக் கடை இருந்தது. என் வீட்டில் யாரும் அங்கே ஒரு பிடி உப்பு வாங்கியதில்லை, வாங்க விட்டதில்லை.

ஊரைச் சுற்றிக்கொண்டு சந்து சந்தாக வழி கேட்டுப் போனோம். திரேஸ்புரம் கரைக்குப் போய்ச் சேரும்போது மூன்று மணிக்கு மேல். வெள்ளைப் பாய்களைச் சுருட்டி வைத்திருந்தார்கள். வள்ளங்கள் மணலில் கிடந்தன. ஒரு வள்ளத்தின் நிழலில் இரண்டு பேர் சோறு தின்றுகொண்டிருந்தார்கள். அதில் ஒருவன் அண்ணனோடு ஓடினவன், பேர் மிக்கேல்.

அம்மாவைப் பார்த்ததுமே அவனுக்குத் தெரிந்துவிட்டது. சோற்றுக் கையோடு எழுந்து நின்றான். "நீங்க வந்திருக்கியளா?" என்றான். "வரல்லன்னுல்லா சொல்லிட்டுப் போனான்."

"எங்கடா அவன்?"

"தீவச் சுத்தி நாங்கதான் ரெண்டாவதா வந்தோம். கரையப் பிடிச்சு ஓட்டாதலே, காத்து விழுந்திரும்னு எல்லாரும் கத்துதோம். கேக்கல்ல. பொம்பளையாளு கொட்டகைக்கு நேரா ஒட்டிக் கொண்டுபோனான். தலையத் தலைய எக்கிப் பாத்தான். கிட்டங்கி மறைப்புல காத்துச் செத்து நாங்க அப்படியே நின்னுட்டோம். எல்லாவனும் தாண்டிப் போயிட்டான். சம்மாட்டி கரையில வச்சே கன்னத்துல அடிச்சிட்டாரு." அவன் கையைக் கழுவப் போகவில்லை, அப்படியே நின்றான். "அப்பவும் ரெண்டு மணி வரைக்கும் இங்கனயேதான் இருந்தான்."

கொழும்புத் தோணிகள் பாலத்துக்குப் பக்கத்தில்தான் கட்டிக் கிடக்கும். மிக்கேல் எங்களைக் கூட்டிக்கொண்டு ஓடினான். பாலத்துக்குள் போகச் சீட்டு வேண்டும் என்று வாசலில் தடுத்துவிட்டார்கள். வாசல் கம்பி வழியாகப் பார்த்தோம். மூன்று தோணி பாய் விரித்து வெளியே போய்க்கொண்டிருந்தன. எல்லாம் ஒரே மாதிரிப் பெரிய பாய். எதில் அவன் என்று மிக்கேலுக்கும் தெரியவில்லை. அம்மா மூன்றையும் பார்த்து லேஞ்சியை ஆட்டினாள்.

அன்றைக்குத் திரும்பி வர பஸ் இல்லை. கரி தீர்ந்துவிட்டதாம். வந்த ஜனம் முழுக்கக் கோயில் வெளியிலும் ரோட்டோரத்திலும் படுத்துக் கிடந்தது. மறுநாள் காலையில் கிடைத்த பஸ்ஸில் நின்றுகொண்டே வந்தோம். அம்மாவின் ஓலைப் பெட்டியில் கிழங்கு அப்படியே இருந்தது. அத்தை அதைப் பஸ்ஸில் அழுத ஒரு பிள்ளைக்குக் கொடுத்துவிட்டாள்.

அத்தையின் வீட்டுக்காரர் கொழும்பில் அண்ணனைப் பார்த்து எல்லாவற்றையும் சொன்னார். அவன் நம்பவில்லை. "வந்திருந்தா நான் பாத்திருப்பேன் மாமா. எங்கம்மாவ எனக்குத் தெரியாதா? சமாதானத்துக்குச் சொல்லுதிய" என்றானாம். அங்கேயே கல்யாணம் கட்டினான், அங்கேயே இருந்தான். ஊருக்கு ஒரு தடவை வந்தான், அம்மாவை அடக்கம் செய்த மறுநாள்.

அதற்கு முந்திய வருஷங்களில், வள்ளங்கள் கரைக்கு வரும் நேரம் மற்றப் பெண்களெல்லாம் கடலைப் பார்ப்பார்கள். அம்மா மீன் கூடையைப் பார்த்துக்கொண்டு நிற்பாள். எங்கள் சித்தப்பா வள்ளம் வருகிறதா பாரம்மா என்று நான் சொல்வேன். "எத நம்பிப் பாக்கச் சொல்லுத?" என்பாள்.

போகிறவர்களுக்கு நான் சொல்வது இவ்வளவுதான். முதல் நாளே போய்ச் சேர்ந்துவிடுங்கள், பந்தய நாள் பஸ்ஸை நம்பாதீர்கள். தண்ணீர் கையில் கொண்டு போங்கள். உட்காருவதற்குக் காசு கொடுக்கும் முன் அந்த இடத்தில் நின்று கடல் தெரிகிறதா என்று பாருங்கள். எது உள்ளே வரும் வழி, எது வெளியே போகும் வழி என்று கேட்டுக்கொள்ளுங்கள். இரண்டும் ஒன்று என்றால் வீட்டிலேயே இருங்கள். உங்கள் பிள்ளை ஓட்டுகிறான் என்றால் பாயை, கொடியை, சட்டை நிறத்தை அடையாளம் வைக்காதீர்கள், அதை ஒரு கமிட்டி ஒரு காலையில் மாற்றிவிடும். ஒரு பனைமரத்தைச் சொல்லுங்கள், ஒரு சிலுவையைச் சொல்லுங்கள். முன்னாலேயே போய் அங்கே நில்லுங்கள். எதைப் பார்த்தாலும் அங்கிருந்து நகராதீர்கள்.

பந்தயத்தில் ஜெயித்தது யார் என்று கேட்பீர்கள். இரண்டணா கொடுத்து அந்தக் கொட்டகைக்குள் நின்ற பெண்கள் ஒருத்திக்கும் அன்றைக்கு அது தெரியவில்லை. பிறகும் நான் யாரிடமும் கேட்கவில்லை.